ஒரே கோல், இரண்டு படங்கள்: கண்ணாடி ஓரத்திலிருந்தும் கூரையிலிருந்தும் கல்லூரி ஐஸ் ஹாக்கி

ஒவ்வொரு ஆண்டும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி அணிகளின் ஐஸ் ஹாக்கி பிளேஆஃப் ஆட்டங்கள், அதாவது சீசன் முடிவில் வெற்றியாளரைத் தீர்மானிக்கும் ஆட்டங்கள், நடக்கின்றன. அப்போது ஒரே கோலுக்கு இரண்டு வகைப் படங்கள் வெளியாகும். ஒன்று தரைமட்டத்தில் எடுத்தது: முகக்கூண்டுக்குள் வாய் பிளந்து கத்தும் வீரர், தெறிக்கும் பனித்தூள், பின்னால் மங்கலாகத் தெரியும் கூட்டம். இன்னொன்று நேர் மேலிருந்து எடுத்தது: வெள்ளைத் தரை, கோலுக்கு முன்னால் நீலத் திட்டு, கைகால் விரித்துக் கிடக்கும் கோல்கீப்பர், அவருக்குப் பக்கத்தில் சின்னக் கருப்பு வட்டமாக பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு).

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ரசிகர்களுக்குள் அடிக்கடி சண்டை வரும். ஒரு படத்தில் பக் கோல்கீப்பரின் கையுறைக்குள் இருப்பதுபோலத் தெரிகிறது. இன்னொன்றில் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டது. எந்தப் படத்தில் கைவைத்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். பெரும்பாலும் எதிலும் கைவைத்திருக்க மாட்டார்கள். கேமரா எங்கே இருந்தது, எந்த நொடியில் சுட்டது என்ற இரண்டும்தான் வேறுபாட்டுக்குக் காரணம். ஐஸ் ஹாக்கிப் படத்தின் பெரும்பகுதி ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஆட்டமும் அரங்கமும்

ஹாக்கி என்றதும் நம் ஊரில் புல்தரையும் பந்தும்தான் மனதில் வரும். இங்கே பேசுவது பனித்தரையில் ஸ்கேட் கட்டி ஆடும் ஆட்டம். பந்துக்குப் பதில் பக் எனப்படும் கடினமான ரப்பர் வட்டு. விட்டம் சுமார் 7.6 சென்டிமீட்டர், தடிமன் 2.5 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ 170 கிராம். ரிங்க் எனப்படும் பனி ஆடுகளம் வட அமெரிக்காவில் வழக்கமாக 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். சுற்றிலும் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும் உயரத்தில் பலகை, அதன்மேல் உயரமான கண்ணாடி. கோல் 1.83 மீட்டர் அகலம், 1.22 மீட்டர் உயரம். ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் அணிகள் பக்கம் மாறும். இந்தப் பக்கமாற்றம் படமெடுப்பவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் வரும்.

கல்லூரி அளவில் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு 1948 முதல் தேசியப் போட்டியை நடத்துகிறது. ஆடவர் முதல் பிரிவில் 16 அணிகள் மோதும். கடைசி நான்கு அணிகளின் கட்டத்துக்கு ஃப்ரோசன் ஃபோர் என்று பெயர். அதற்கு முன்பே ஒவ்வொரு வட்டார லீகும் தன் சொந்த பிளேஆஃபை முடித்திருக்கும். அவற்றில் ஒன்றான இ.சி.ஏ.சி. லீகின் கடைசிக் கட்டம் நடக்கும் லேக் பிளாசிட் அரங்கம்தான் 1980 ஒலிம்பிக்கில், பெரும்பாலும் கல்லூரி வீரர்களைக் கொண்ட அமெரிக்க அணி சோவியத் அணியை வென்ற இடம். அந்த வெற்றிக் கொண்டாட்டத்தை ஹைன்ஸ் க்ளூட்மையர் எடுத்த படத்தை ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் தலைப்பு எதுவும் போடாமல் அட்டையில் வெளியிட்டது.

தொழில்முறை ஆட்டத்திலிருந்து கல்லூரி ஆட்டத்தைப் படத்தில் உடனே பிரித்துக் காட்டுவது முகக்கூண்டு. கல்லூரி வீரர்கள் எல்லோரும் முழு முகத்தையும் மறைக்கும் கம்பிக் கூண்டோ ஒளிபுகும் பிளாஸ்டிக் தடுப்போ அணிந்தே ஆக வேண்டும். முகம்தான் விளையாட்டுப் படத்தின் உயிர் என்றால், இங்கே அந்த முகம் கம்பிகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஓரத்து இடமும் ஒளியும் இவ்வளவு பெரிய பேச்சாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெள்ளைத் தரை செய்யும் வேலை

எங்கே நின்றாலும் தீர்க்க வேண்டிய மூன்று சிக்கல்கள் உண்டு.

1. வெளிச்ச அளவு. கேமராவின் மீட்டர், தன் முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடும். சட்டகத்தில் முக்கால்வாசி பனி இருந்தால் அதையும் சாம்பலாக்கிவிடும். வீரர்களின் முகம் கருத்துப்போகும். அதனால் மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூடுதலாக வைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு). அரங்க வெளிச்சம் ஆட்டம் முழுக்க மாறாது என்பதால் பலரும் மேனுவலில் ஒருமுறை அமைத்துவிட்டு அதைத் தொடுவதே இல்லை. நிறங்களைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸையும் பனியை வைத்தே எடுத்துக்கொள்ளலாம். அதைவிடச் சுத்தமான வெள்ளை அங்கே கிடைக்காது.

2. வேகம். பலமாக அடித்த பக் மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 40 மீட்டர். ஷட்டர் 1/1000 நொடி திறந்திருந்தால் அதற்குள் பக் 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், அதாவது தன் விட்டத்தில் பாதிக்கு மேல். 1/2000 என்றால் 2 சென்டிமீட்டர். வீரர் அவ்வளவு வேகமாகப் போவதில்லை. அவருக்கு 1/1000 போதும். அதனால்தான் நிறைய படங்களில் வீரர் கூர்மையாகவும் பக் மட்டும் நீண்ட கறையாகவும் இருக்கும்.

3. விளக்கின் துடிப்பு. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். பழைய மெட்டல் ஹேலைட் விளக்குகள் நொடிக்கு 120 முறை பிரகாசம் கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 1/1000 நொடி என்பது ஒரு துடிப்பில் எட்டில் ஒரு பங்குதான். ஒரு ஃபிரேம் துடிப்பின் உச்சியிலும், அடுத்தது பள்ளத்திலும் விழும். ஒன்று பளிச்சென்று, மற்றது மஞ்சளாகவோ பச்சையாகவோ இருண்டு வரும். இப்போதைய கேமராக்களில் துடிப்பை அளந்து உச்சியில் மட்டும் சுடும் வசதி இருக்கிறது. நல்ல எல்இடி விளக்குகள் பொருத்திய பெரிய அரங்கங்களில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. கல்லூரி வளாகத்திலுள்ள பழைய ரிங்குகளில் இன்னும் தலைவலிதான்.

பனி ஒரு நன்மையும் செய்கிறது. கூரை விளக்குகள் நேர் மேலிருந்து அடிப்பதால் தலைக்கவசத்தின் நிழல் கண்களில் விழும். பனித்தரை அந்த ஒளியைக் கீழிருந்து மேலே திருப்பி, கூண்டுக்குள் இருக்கும் முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொடுக்கிறது. வீரர் குனிந்து ஸ்கேட் செய்யும் கணத்தில் இந்த வெளிச்சம் முகத்தில் நன்றாகப் படும். கூடைப்பந்து, கைப்பந்து அரங்கங்களில் இந்த வசதி இந்த அளவுக்குக் கிடைக்காது.

ஓரத்தில்: கண்ணாடியும் துளையும்

ரிங்க் ஓரத்தில் உட்காருபவருக்கும் ஆட்டத்துக்கும் நடுவே இருப்பது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள கண்ணாடி அல்லது அக்ரிலிக். அதில் பக் பட்ட கருப்புத் தழும்பு, மட்டையின் கீறல், வீரர்கள் மோதி ஒட்டிய வியர்வை எல்லாம் இருக்கும். இதன் வழியாக எடுப்பதற்குச் சில விதிகள் உண்டு. லென்ஸைக் கண்ணாடிக்கு முடிந்தவரை அருகில், நேராக வைக்க வேண்டும். சாய்வாகப் பார்த்தால் ஒளி தடிமனுக்குள் நீண்ட தூரம் போய், விளிம்புகள் இரட்டையாகக் குழைந்துவிடும். பின்னால் இருக்கும் பார்வையாளர்களின் பிரதிபலிப்பைத் தடுக்க ரப்பர் ஹுட் அல்லது கருப்புத் துணி வேண்டும். ஆனால் லென்ஸைக் கண்ணாடியில் அழுத்தி வைக்கக் கூடாது. 90 கிலோ ஆள் அதன்மேல் மோதினால் அதிர்வு நேரே கேமராவுக்கும், அதன் பின்னால் இருக்கும் புருவத்துக்கும் வந்து சேரும்.

பல அரங்கங்களில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள்: மூலைக் கண்ணாடியில் லென்ஸ் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு சிறு துளை. 70-200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸின் ஹுட்டைக் கழற்றினால் வாய் சரியாக அதில் பொருந்தும். நடுவே எதுவும் இல்லாததால் படம் சவரக்கத்தி போலக் கூர்மை. அதோடு துளை இருக்கும் உயரத்தையும் கவனிக்க வேண்டும். பலகைக்குச் சற்று மேலே, குனிந்து வரும் வீரரின் முகத்துக்கு ஏறத்தாழ நேராக இருக்கிறது. கூண்டுக்கம்பிகளுக்கு நடுவே கண்களைப் பிடிக்க இதைவிட நல்ல கோணம் அரங்கத்தில் வேறு எங்கும் இல்லை. ஆட்டோஃபோகஸ் சில சமயம் கம்பியிலேயே நின்றுவிடும். ஆனால் முகத்துக்கும் கம்பிக்கும் இடைவெளி சில சென்டிமீட்டர்தான். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் வீரரிடம் அந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. கண்ணாடியை ஒட்டி வருபவரிடம் தெரியும்.

துளையில் ஆபத்தும் இருக்கிறது. பலகையை ஒட்டிச் சுற்றி வரும் பக், மூலையில் எகிறி மேலே ஏறும். லென்ஸ் துளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது வீரருக்கும் ஆபத்து. அனுபவசாலிகள் இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருப்பார்கள்: ஒன்று வியூஃபைண்டரில், மற்றது பக்கவாட்டில் யார் வருகிறார்கள் என்று பார்க்க. ஆட்டம் தன் பக்கம் பலகையை ஒட்டி வந்தால் லென்ஸை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், எவ்வளவு நல்ல படம் கண்முன் இருந்தாலும். இந்த ஒழுக்கம் இல்லாதவரை அந்தத் துளைக்குப் பக்கத்தில் விடவே கூடாது என்பதே என் கருத்து.

கோலுக்குப் பின்னால் உயரத்தில் தொங்கும் பாதுகாப்பு வலையும் ஒரு தடைதான். 2002இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் நடந்த தொழில்முறை ஆட்டத்தில் பக் பட்டு 13 வயதுச் சிறுமி இறந்த பிறகு வட அமெரிக்க அரங்கங்களில் இந்த வலை கட்டாயமாகிப் பரவியது. பார்வையாளர் வரிசையிலிருந்து எடுப்பவர், லென்ஸை வலைக்கு மிக அருகில் கொண்டுபோய் அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித் துவாரத்தை) முழுக்கத் திறந்துவைத்தால் வலை கரைந்துவிடும்.

எந்த மூலை?

இதுதான் ஓரத்துப் படக்காரரின் உண்மையான கணக்கு. நான்கு மூலைகள், ஒரே ஆள். 60 மீட்டர் தள்ளி இருக்கும் எதிர்முனையில் நடப்பது 200 மி.மீ. லென்ஸுக்கு எட்டாது. அதனால் எந்த அணி எந்தப் பகுதியில் தன்னை நோக்கித் தாக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு மூலையில் உட்கார்ந்தால், ஒரு அணி முதல், மூன்றாம் பகுதிகளில் அவரை நோக்கி வரும்; மற்ற அணி இரண்டாம் பகுதியில் மட்டும். ஒரு அணிக்காக வேலை செய்பவர் பகுதிக்குப் பகுதி மூலை மாறுவார். செய்தி நிறுவனத்துக்காக எடுப்பவர் இரண்டு அணிக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஆகவே மற்ற முனையில் இன்னொருவர் தேவை, அல்லது தொலைவிலிருந்து இயக்கும் கேமரா தேவை.

அப்புறம், ஆட்டக்காரர்கள் அமரும் பெஞ்சுகள். பெரும்பாலான அரங்கங்களில் இரண்டும் ஒரே பக்கத்தில்தான். அதற்கு எதிர்ப்பக்க மூலையில் இருந்தால், கோல் விழுந்ததும் பெஞ்சில் இருப்பவர்கள் துள்ளி எழுவது பின்புலமாகக் கிடைக்கும். கோல் அடித்தவர் முதலில் பக்கத்துக் கண்ணாடியை நோக்கி ஓடுவார், சகாக்கள் கட்டிக்கொள்வார்கள், பிறகு பெஞ்சை ஒட்டி எல்லோர் கையுறையிலும் தட்டிக்கொண்டே போவார். எந்த மூலைக் கண்ணாடிக்கு வருவார் என்பதை யாராலும் சொல்ல முடியாது. வந்துவிட்டால் 70-200 லென்ஸில் மூக்குதான் தெரியும். அதற்காகத்தான் தோளில் இரண்டாவது கேமராவில் அகன்ற காட்சி தரும் 24-70 மி.மீ. லென்ஸ் தொங்கும்.

இடத்தின் மதிப்பைச் சொல்ல 1970 மே 10ஐவிட நல்ல சான்று இல்லை. பாஸ்டன் அணியின் பாபி ஓர் கோல் அடித்துக் காற்றில் கிடையாகப் பறக்கும் படத்தை எடுத்தவர் ரே லூசியர் என்ற செய்திப் படக்காரர். ஓவர்டைம் (சமநிலையை முறிக்கும் கூடுதல் நேரம்) தொடங்குமுன் பாஸ்டன் தாக்கப்போகும் முனைக்கு இடம் மாறினார். அங்கே வேறொரு படக்காரர் எழுந்து போனதால் காலியான இருக்கையில் உட்கார்ந்தார். ஓவர்டைமின் 40ஆவது நொடியில் கோல் விழுந்தது. அது தொழில்முறை ஆட்டம், கல்லூரி அல்ல. ஆனால் மூலைக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

கூரையில்: ஆளில்லாத கேமரா

மேலிருந்து எடுத்த படம் என்றால் ஒருவர் கூரையில் படுத்துக்கொண்டு எடுக்கிறார் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. விளக்குகளைப் பழுதுபார்க்கக் கூரைக்கு அடியில் போகும் இரும்பு நடைபாதைக்கு கேட்வாக் என்று பெயர். ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே அதில் கேமராவைக் கவ்விகளால் பூட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் படக்காரர் ரேடியோ டிரிகரால் அதை இயக்குவார். இந்த முறை ஹாக்கிக்கு மட்டும் சொந்தமல்ல. 1966 நவம்பரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் முகமது அலி, கிளீவ்லண்ட் வில்லியம்ஸை வீழ்த்திய குத்துச்சண்டையை நீல் லெய்ஃபர் இப்படித்தான் மேலே கட்டிய கேமராவால் எடுத்தார். அந்தப் படத்துக்குள்ளேயே களத்தின் விளிம்பில் கேமராவோடு அவரும் இருக்கிறார்.

எந்த லென்ஸ் வேண்டும் என்பது எளிய கணக்கு. கேமரா பனியிலிருந்து 26 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். ஃபுல்ஃபிரேம் சென்சார் 36 x 24 மி.மீ. உயரத்தைச் சென்சார் அளவால் பெருக்கி, லென்ஸின் குவியத்தூரத்தால் (அதன் மி.மீ. எண்ணால்) வகுத்தால் தரையில் எவ்வளவு பரப்பு தெரியும் என்பது வந்துவிடும்:

1. 135 மி.மீ. லென்ஸ்: சுமார் 6.9 x 4.6 மீட்டர். கோலும், முன்னால் நடக்கும் நெரிசலும் அடங்கும்.
2. 200 மி.மீ.: சுமார் 4.7 x 3.1 மீட்டர். கோல், கோல்கீப்பர், ஒன்றிரண்டு பேர்.
3. 300 மி.மீ.: சுமார் 3.1 x 2.1 மீட்டர். கோல்கீப்பர் மட்டும், சற்று வெளியே வந்தாலே கால் வெட்டுப்படும்.

இதில் 200 மி.மீ.தான் பெரும்பாலும் சரியாக வரும். அடுத்து ஃபோகஸ். கேமராவுக்குப் பக்கத்தில் ஆள் இருக்கப்போவதில்லை என்பதால் ஆட்டோஃபோகஸை அணைத்து, கையால் ஃபோகஸ் செய்து, வளையத்தை டேப்பால் ஒட்டிவிடுவார்கள். எதில் ஃபோகஸ் செய்வது? பனியில் செய்தால் தலைக்கவசங்கள் மெல்ல மங்கத் தொடங்கும். கோலின் மேல்கம்பியில் செய்வது நல்லது. 200 மி.மீ., எஃப்/2.8 என்றால் இந்தத் தூரத்தில் கூர்மை கம்பிக்கு மேலே ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர், கீழே அதைவிடச் சற்றுக் கூடுதலாக நீளும். அதாவது நிற்கும் வீரரின் தலைமுதல் பனியில் கிடக்கும் பக் வரை எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

மற்ற வேலைகள் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை. இவற்றில் யாரும் சலுகை எதிர்பார்க்க முடியாது. கேமரா, லென்ஸ், ரிசீவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இரும்புக் கேபிள். கவ்வி நழுவினாலும் பொருள் விழக் கூடாது. ஏறுபவர் உடலில் பாதுகாப்பு வார், பையில் சாவிகூட இருக்கக் கூடாது. கீழே வேறு வேலை நடந்தால் மேலே போகக் கூடாது. 26 மீட்டரிலிருந்து விழும் ஒரு லென்ஸ் மூடிகூட ஆளைக் காயப்படுத்தும்.

டிரிகரிலும் யோசனை வேண்டும். கையிலுள்ள கேமராவோடு அதை இணைத்துவிட்டால், எங்கே சுட்டாலும் மேலே உள்ளதும் சுடும்; எதிர்முனையில் ஆட்டம் நடக்கும்போது காலியான கோலை ஆயிரம் முறை எடுத்து மெமரி கார்டை நிரப்பிவிடும். ஆகவே தனிப் பொத்தானாக வைத்து, பக் அந்தக் கோலுக்கு அருகில் வரும்போது மட்டும் அழுத்துகிறார்கள். இரண்டு கோலுக்கும் மேலே கேமரா இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு அலைவரிசை. பல படக்காரர்கள் கூடும் பெரிய ஆட்டத்தில் யாருக்கு எது என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுக்கொள்வார்கள். இல்லாவிட்டால் ஒருவர் அழுத்த இன்னொருவர் கேமரா ஓடும்.

சில அரங்கங்களில் கேட்வாக்கிலேயே பெரிய ஸ்ட்ரோப் ஃபிளாஷ்களும் கட்டப்பட்டிருக்கும். அவற்றால் படம் ஸ்டூடியோவில் எடுத்தது போலச் சுத்தமாக வரும். பனியில் தெளிவான நிழல் விழும். ஆனால் ஃபிளாஷ் மறுபடி நிரம்ப ஓரிரு நொடி பிடிக்கும். நொடிக்குப் பத்துப் பதினைந்து படம் என்ற பேச்சே இல்லை; ஒரு கோலுக்கு ஒரே ஒரு ஃபிரேம். அந்த ஒன்றைச் சரியான கணத்தில் எடுப்பவர்களிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

மேலிருந்து பார்க்கும்போது விளம்பரப் பலகையும் கூட்டமும் மறைந்து, பின்புலம் முழுக்க வெள்ளையாகிறது. கருப்பு பக் எங்கே இருந்தாலும் தெரியும். யார் யாரை மறித்தார்கள், எந்த இடைவெளி திறந்திருந்தது என்பது வரைபடம் போல விரியும். ஆனால் முகம் கிடையாது. யார் என்று முதுகு எண்ணை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

பக் கோட்டைத் தாண்டியதா? படம் சொல்வதும் சொல்லாததும்

விதிப்படி பக் முழுவதும், கோட்டின் முழு அகலத்தையும் தாண்டினால்தான் கோல். கோட்டின் அகலம் சுமார் 5 சென்டிமீட்டர். பக்கின் விட்டத்தையும் சேர்த்தால், பக் கோட்டைத் தொடத் தொடங்குவதிலிருந்து முழுக்கத் தாண்டும் வரை ஏறத்தாழ 12.7 சென்டிமீட்டர். எல்லாச் சண்டையும் இந்த இடைவெளிக்குள்தான். இரண்டு படங்களும் முரண்படுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

1. நேரம். இரண்டு கேமராவும் ஒரே கணத்தில் சுடுவதாகத் தோன்றினாலும் ரேடியோ சமிக்ஞைக்கும் ஷட்டருக்கும் சிறு தாமதங்கள் இருக்கின்றன. வித்தியாசம் 1/100 நொடிதான் என்றாலும் நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் போகும் பக் அதற்குள் 40 சென்டிமீட்டர் கடந்திருக்கும். ஒரு படத்தில் கோட்டுக்கு வெளியே, மற்றதில் வலைக்குள் என்று வருவது இயல்பு.

2. ஓரத்துப் படத்தின் தட்டைத்தன்மை. தாழ்ந்த கோணத்தில் நீண்ட லென்ஸால் பார்க்கும்போது ஆழம் சுருங்கித் தெரியும். கையுறைக்கு அரை மீட்டர் முன்னால் மிதக்கும் பக், கையுறைக்குள் அமர்ந்ததுபோலக் காட்சி தரும். கோலின் கம்பமும் கோல்கீப்பரின் கால்காப்பும் கோட்டை மறைத்துவிடும்.

3. மேலிருந்து எடுத்த படத்தின் சாய்வு. மக்கள் அதிகம் நம்புவது இந்தப் படத்தை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேட்வாக், கோல் கோட்டுக்கு நேர் மேலே அமைவது அபூர்வம். கேமரா அதிலிருந்து 3 மீட்டர் மைதான நடுப்பக்கம் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக் பனியில் கிடந்தால் பெரிய சிக்கல் இல்லை; கோடும் பக்கும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் இருக்கின்றன. ஆனால் பக் ஒரு மீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருந்தால், படத்தில் அது உண்மையான இடத்தைவிட 12 சென்டிமீட்டர் கோலுக்குள் தள்ளித் தெரியும். மேலே சொன்ன 12.7 சென்டிமீட்டருக்கு இது கிட்டத்தட்டச் சமம். அதாவது கோட்டை இன்னும் தாண்டவே தொடங்காத பக், முழுக்கத் தாண்டிவிட்டதுபோலப் படத்தில் இருக்கும்.

கேமரா மிகச் சரியாக மேலே இருந்தால் வேறொரு விஷயம் நடக்கும். கோலின் மேல்கம்பி சுமார் 6 சென்டிமீட்டர் தடிமன். 5 சென்டிமீட்டர் கோட்டை அது மூடிவிடும். அப்போது பார்க்க வேண்டியது கம்பிக்கும் பக்குக்கும் நடுவே வெள்ளைப் பனி தெரிகிறதா என்பதை. நடுவர்கள் மறுபரிசீலனையில் பார்ப்பது ஒற்றைப் படத்தை அல்ல, பல கோணங்களில் ஓடும் வீடியோவை. பத்திரிகைப் படக்காரர் கட்டிய கேமரா அழகான சட்டகத்துக்காகக் கட்டப்பட்டது, அளப்பதற்காக அல்ல. அதை ஆதாரமாகக் காட்டி நடுவரைத் திட்டுவது நியாயமில்லை.

பிளேஆஃப் வந்தால் மாறுவது

வழக்கமான சீசனில் சமநிலையானால் கோல்கீப்பர் போக அணிக்கு மூன்று வீரர்களோடு ஐந்து நிமிட ஓவர்டைம்தான். பிளேஆஃபில் முழுப் பலத்தோடு 20 நிமிடப் பகுதிகள், ஒருவர் கோல் அடிக்கும் வரை. இது இரண்டு திசையிலும் படக்காரரைச் சோதிக்கும்.

ஒரு எல்லை, மிகச் சீக்கிரம் முடிவது. 2023இல் டாம்பாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் குயினிபியாக், மினசோட்டாவை 3-2 என வென்ற கோல் ஓவர்டைமின் பத்தாவது நொடியில் விழுந்தது. இடைவேளையில் படங்களை அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடுவதற்குள் ஆட்டம் முடிந்துபோகும் அளவுக்கு வேகம். ஓவர்டைமுக்கும் பக்கம் மாறுவதால், மூன்றாம் பகுதியில் இருந்த அதே மூலையிலேயே இருப்பவருக்கு இப்போது எதிர் அணிதான் தன்னை நோக்கி வரும்.

மறு எல்லை, முடியாமல் இழுப்பது. 2015 மார்ச்சில் மாசசூசெட்ஸ், நோட்ர டேம் அணிகள் மோதிய, ஹாக்கி ஈஸ்ட் என்ற வட்டார லீகின் பிளேஆஃப் ஆட்டம் ஐந்தாவது ஓவர்டைம் வரை போய் 151 நிமிடம் 42 நொடியில் முடிந்தது, என்.சி.ஏ.ஏ. வரலாற்றிலேயே நீண்ட ஆட்டம் அது. 2021 மார்ச்சில் ஃபார்கோவில் மினசோட்டா டுலூத், நார்த் டகோட்டாவை வென்றதும் ஐந்தாவது ஓவர்டைமில்தான், 142 நிமிடம் 13 நொடி. ஆட்டம் ஓடும்போது கேட்வாக்குக்கு ஏறிப் பேட்டரி மாற்ற முடியாது. மாலையில் பூட்டிய பேட்டரியும் கார்டும் நள்ளிரவு தாண்டியும் தாங்க வேண்டும். அதனால்தான் முடிந்த இடங்களில் மேலே உள்ள கேமராவை நேரடி மின்சாரத்தில் இணைக்கிறார்கள். இல்லாதபோது அழுத்துவதையே கஞ்சத்தனமாகச் செய்கிறார்கள்.

கடைசி நிமிடத்தில் எங்கே இருப்பது என்ற முடிவும் இதோடு சேர்ந்தது. 2024இல் டென்வர், பாஸ்டன் காலேஜை 2-0 என வென்றதுபோல ஆட்டம் மூன்று பகுதிக்குள் முடிந்தால், மணி ஒலித்ததும் வீரர்கள் கையுறை, மட்டை, தலைக்கவசத்தை வீசிவிட்டுத் தங்கள் கோல்கீப்பரை நோக்கித்தான் ஓடுவது வழக்கம். அந்தக் கோலுக்கு மேலே கேமரா இருந்தால் போதும், மனிதக் குவியல் தானாகவே சட்டகத்துக்குள் வந்து விழும். ஓரத்துப் படக்காரரும் வெல்லும் அணியின் கோல் இருக்கும் முனைக்குக் கடைசி நிமிடங்களில் நகர்ந்துவிடுவார். ஓவர்டைமில் வென்றால் எல்லாம் தலைகீழ். ஓட்டம் கோல் அடித்தவரை நோக்கி. குவியல் உருவாவது தோற்ற அணியின் முனையில், ஏதோ ஒரு மூலைக் கண்ணாடிக்குப் பக்கத்தில். மேலே இருக்கும் கேமராவுக்கு அப்போது கிடைப்பது தோற்ற கோல்கீப்பர் தனியே மண்டியிட்டிருக்கும் படம். அதைத் தவறவிடாமல் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதையும், கண்ணாடியில் வந்து மோதும் கூட்டத்தை 24-70ஆல் பிடித்துக்கொண்டிருக்கும் அதே ஆள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.